கவுச்சி படாத அடுப்பு

குணசேகரன் பொருளாதாரப் பேராசிரியர். அடுப்பைப் பற்றி எழுதியே பெயர் வாங்கியவர். ஆனால் அவருக்கு அடுப்பு பற்ற வைக்கத் தெரியாது. இது எப்படி முடியும் என்று கேட்பவர்கள் நம் வீட்டு ஆண்களோடு பழகாதவர்களாக இருக்க வேண்டும்.

சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் அவருக்குத் தனி அறை, வாசலில் பித்தளைப் பலகை. கிராமத்து வீடுகளில் எதை எரித்துச் சமைக்கிறார்கள், ஏன் அதை எரிக்கிறார்கள், அதனால் காட்டுக்கு என்ன ஆகிறது, பெண்களின் நுரையீரலுக்கு என்ன ஆகிறது என்பதெல்லாம் அவருடைய பாடம். போதாததற்கு வரலாற்றையும் சேர்த்துக்கொள்வார். வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் எஞ்சின் விறகில் ஓடிய விவரத்தை ஆவணக் காப்பகத்தில் தோண்டி எடுத்து, அதற்கும் இன்றைய சமையலறைக்கும் ஒரு முடிச்சுப் போடுவார். கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். இத்தனையும் பேசிவிட்டு வீட்டுக்குப் போனால், ஹாலில் உட்கார்ந்தபடியே “நிர்மலா, காபி ஆச்சா?” என்று மனைவியைக் கேட்பார்.

அவரை உச்சியில் கொண்டுபோய் உட்கார வைத்தது ஒரே ஒரு கட்டுரை. திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கும் கே.ஜி.கண்டிகையில் வீடு வீடாகக் கணக்கெடுத்து எழுதியது. ‘கடந்த ஒரு வாரமாக எதை எரித்துச் சமைக்கிறீர்கள்?’ என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. காஸ் இணைப்பு வாங்கிய குடும்பங்களும் கூட்டம் கூட்டமாக விறகுக்கே திரும்பிவிட்டன என்று பதில் வந்தது. இந்த வட்டாரத்துக்கு விறகு ரயில் காலத்திலிருந்து ஊறிப்போன பழக்கம், லேசில் விடாது என்று குணசேகரன் அதற்கு விளக்கம் எழுதினார். வெளிநாட்டில் அதைப் பாடமாக வைத்தார்கள். அதை மேற்கோள் காட்டி எத்தனையோ பேர் டாக்டர் பட்டம் வாங்கினார்கள்.

திருத்தணி அவருக்குச் சொந்த ஊர். மலையடிவாரத்தில் தம்பி கிருஷ்ணன் குடும்பத்தோடு இருக்கிறான். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து, தம்பி வீட்டில் காப்புக் கட்டி, மாலை போட்டு, புஷ்பக் காவடி எடுப்பது குணசேகரன் வழக்கம். அந்த வாரத்தை வீணாக்குவானேன் என்றுதான் பல வருஷம் முன்பு மாணவர்களையும் கூடவே கூட்டி வந்து, கண்டிகைக் கணக்கெடுப்பை அந்த லீவிலேயே முடித்தார். அப்போது தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

இந்த வருஷமும் வந்திருந்தார். நாளைக்குக் கிருத்திகை. மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஹாலில் ஏசி போட்டுக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். வெளியே ஆடித் தூறல் பிடித்துக்கொண்டது. கிருஷ்ணன் காவடிக்குப் பூ வாங்க அரக்கோணம் போயிருந்தான். கொல்லைப்பக்கமிருந்து தம்பி மனைவி தேவயானியின் குரல் கேட்டது. அவள் ஆந்திராவில் நகரிப் பக்கத்துப் பெண். கணவனின் அண்ணனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கு ஒரு வேலை சொன்னவளில்லை. வேறு ஆள் இல்லாததால் கூப்பிட்டாள்.

“பாவா, கொஞ்சம் இந்தத் தகரத்தைப் புடிச்சிகினு நிக்கறீங்களா? தூறல் நின்னுட்டா போயிடலாம்.”

போய்ப் பார்த்தார். மூன்று செங்கல் வைத்த அடுப்பு. கோலம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. புதுப்பானையில் சோறு கொதித்தது. விறகு ஈரம் பட்டுப் புகைந்தது. தகரத்தை அடுப்புக்கு மேலே பிடித்துக்கொண்டு, கண் எரிய எரியக் கேட்டார்.

“காஸ் தீர்ந்து போச்சா தேவயானி?”

அவள் சிரித்துவிட்டாள். “காஸ் கீது பாவா. இப்பதான் புதுசு மாட்டினாங்க. கவுச்சி ஆக்கின அடுப்புல சாமிக்கு எப்படி ஆக்கறது? காப்பு கட்டிட்டா எல்லாருக்கும் இங்கதான சமையலு.”

“வருஷா வருஷமா?”

“ஆங். இன்னா பாவா இப்படிக் கேக்கறீங்க? இதுல ஆக்கினதைத்தான இத்தினி வருஷமா சாப்ட்டுகினு இருக்கீங்க.”

குணசேகரனுக்குக் கண்டிகை ஞாபகம் வந்தது. அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார். கேட்டுவிட்டார்.

“கண்டிகையிலயும் இப்படித்தானா?”

“அங்க இன்னும் ஜாஸ்தி. ஊரே காப்பு கட்டிக்கும். வாரம் பூரா காஸ் அடுப்பு மேல துணியப் போட்டு மூடி வெச்சிடுவாங்க. காவடி எறக்கிட்டு வந்து, அப்பறம் கறி எடுக்கறப்பதான் தொறப்பாங்க. ஏன் பாவா, யாராவது எதுனா சொன்னாங்களா?”

“ஒண்ணுமில்ல” என்றார். தூறல் நின்றிருந்தது. அவர் மட்டும் தகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவள்தான் மெதுவாக அதை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

ஹாலுக்கு வந்து லேப்டாப்பில் பழைய படங்களைத் தேடினார். எல்லாக் கருத்தரங்கிலும் அவர் காட்டுகிற படம் ஒன்று உண்டு. கண்டிகையில் ஒரு பெண் செங்கல் அடுப்பின் முன்னால் குனிந்து ஊதுகிறாள், முகமெல்லாம் புகை. அந்தப் படம் திரையில் வந்தால் அரங்கம் ‘த்சொ’ கொட்டும். இப்போது பெரிதாக்கிப் பார்த்தார். பெண்ணின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அடுப்பைச் சுற்றிக் கோலம். பின்னால் வாசல் நிலையில் மாவிலை. சுவரளவு பெரிய திரைகளில் அதை எத்தனையோ தடவை காட்டியிருக்கிறார். அதே கயிறு இதோ அவர் கையிலும் இருக்கிறது. அந்தப் பெண் வறுமையில் விறகடுப்பு ஊதவில்லை. சாமிக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. நடு வீதியில் வேட்டி அவிழ்ந்தவனுக்கு வருகிற வெட்கம். ஆனால் அந்த வெட்கம் கட்டுரையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தப்பாக எழுதினேன் என்று நாலு வரி எழுதினால் தீர்ந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது மோகனப்ரியாவை நினைத்து.

மோகனப்ரியா கண்டிகைப் பெண். அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அதே ஊரில், அதே கேள்விகளோடு, தை மாசத்தில் அவள் ஒரு கணக்கெடுப்பு நடத்தினாள். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் காஸ்தான் எரிகிறது என்று முடிவு வந்தது. துறையில் எல்லாரும் கூடியிருந்த கருத்தரங்கில் அதைப் படித்தாள். மூன்று வருஷம் முன்னால்.

“சார், ஆடியில எடுத்ததும் தையில எடுத்ததும் வேற மாதிரி இருக்கு. ஆடியில ஊர்ல...” என்று ஆரம்பித்தாள்.

“ஏம்மா, ஊர் மாசத்துக்கு மாசம் மாறுமா?” என்றார் குணசேகரன். அரங்கம் சிரித்தது.

“இல்ல சார், காப்பு கட்டற...”

அவர் அவளை முடிக்க விடவில்லை. அந்தப் பெண்ணின் கணக்கு சரியென்றால் தன் கணக்கு தப்பு என்பது அவருக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். பயந்தவன்தான் அப்படிக் கத்துவான். “உன் சொந்த ஊரு. நீ வீடு வீடாப் போகவே இல்ல. அம்மா கையால சாப்பிட்டுக்கிட்டு, உட்கார்ந்த இடத்துலயே எல்லாத்தையும் பூர்த்தி பண்ணியிருக்க. இதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல. திருட்டு.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் தாள்களை அடுக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். அதற்கப்புறம் வரவில்லை. குணசேகரனும் தேடவில்லை. ‘பாதியில் விட்டவர்கள்’ பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டு, அடுத்த விமானத்துக்குப் புறப்பட்டார்.

லேப்டாப்பை மூடினார். இந்த விஷயம் வேறு யாருக்கும் தெரியாது, தேவயானிக்குக்கூடத் தான் சொன்னது என்னவென்று தெரியாது, பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. நல்ல படித்த குரல். அது பேசப் பேச அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. எழுந்து செருப்பில்லாமல் தெருவுக்கு வந்தார்.

முனையில் ஆட்டோவோடு சத்தார் நின்றிருந்தார். “எங்க சாமி, மலைக்கா?”

“கண்டிகைக்கு.”

“குந்துங்க.”

கண்டிகையில் ஆட்டோ நுழைந்ததுமே புகை வாசனை. வீட்டுக்கு வீடு வாசலில் செங்கல் அடுப்பு, கோலம், புதுப்பானை. முன்பு இந்தத் தெருவுக்கு ஒரே ஒரு நாள் வந்தவர், இதே புகையைப் பார்த்து, கணக்கு எவ்வளவு பொருத்தமாக வருகிறது என்று பூரித்துப் போய்த் திரும்பினார். அதை நினைக்க இப்போது முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. டீக்கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்.

மோகனப்ரியாவின் அம்மா தாயம்மாள் வாசலில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாலையும் மஞ்சள் வேட்டியுமாக ஒரு ஆள் இறங்குவதைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினாள். “வாங்க சாமி.” யார் என்றுகூடக் கேட்கவில்லை. மாலை போட்டவர் வீடு தேடி வந்தால் முருகனே வந்த மாதிரி என்று நினைக்கிற ஊர் அது. உள்ளே ஓடி ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, அவர் தடுப்பதற்குள் காலில் ஊற்றிவிட்டாள். ஈரக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“அம்மா, நான் குணசேகரன். மோகனப்ரியா என்கிட்டதான்...”

“அய்யய்யோ, எம் பொண்ணோட சாரா!” தாயம்மாள் மறுபடியும் குனிந்து இன்னொரு தடவை காலைத் தொட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மோகனப்ரியா தெருவில் வந்தாள். திருத்தணியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டுத் திரும்புகிறாள். தோளில் பை, கையில் குடை. தன் வீட்டு வாசலில், தன்னைத் திருடி என்று சொன்னவனின் கால் மஞ்சளாக நனைந்திருப்பதையும், தன் அம்மா அதன் முன்னால் குனிந்திருப்பதையும் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

“இன்னாடி செவுரு மாதிரி நிக்கற? சார் வந்துகீறாரு, கால்ல வுழு” என்றாள் தாயம்மாள். பிறகு குணசேகரனிடம் திரும்பி, “மன்னிச்சிடுங்க சாமி. நீங்க அவ்ளோ பாடுபட்டு சொல்லிக் குடுத்தீங்க. இது படிப்பு ஏறலன்னு பாதியில வுட்டுட்டு வந்து குந்திகிச்சி. சோம்பேறி. அவங்க நைனா மணவூர்ல ரயில்வே கேங்மேனு. தண்டவாளத்துல கூட நடக்கறவங்க எல்லார்கிட்டயும் எம் பொண்ணு டாக்டர் ஆவப் போறான்னு சொல்லிகினு திரிஞ்சாரு. அதைக் கெடுத்துட்டா. அவரு மனசு வுட்டுப் போயி இவகிட்ட பேச்சையே நிறுத்திட்டாரு. போன வருஷம் போய்ச் சேர்ந்தாரு. கடைசி வரைக்கும் பேசல.”

மோகனப்ரியா பையைக் கீழே வைத்தாள். அம்மா சொன்னபடி காலில் விழுவதற்காக ஒரு எட்டு முன்னால் வந்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற களைப்புதான் இருந்தது.

குணசேகரன் இரண்டு எட்டு பின்னால் போனார். “வேணாம்மா. விழாத.” தாயம்மாளைப் பார்த்துச் சொன்னார். “உங்க பொண்ணு சோம்பேறி இல்லம்மா. அவ எடுத்த கணக்குதான் சரி. நான் எழுதினதுதான் தப்பு. ஆடி மாசம் நீங்கெல்லாம் காஸை மூடி வெச்சிட்டு விறகுல ஆக்கறீங்க. அது எனக்குத் தெரியல. அவ எழுந்து சொல்ல வந்தா. நான் சொல்ல விடல. எல்லார் முன்னாடியும் திருடின்னு சொன்னேன். அதனாலதான் அவ வந்துட்டா.”

அடுப்பில் பானை பொங்கி வழிந்து நெருப்பில் சொரேலென்றது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தாயம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். “ஏன்டி சொல்லல? இத்தினி நாளா நான் திட்டறேன், வாயத் தொறக்கலியே. உங்க நைனாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சோம்பேறின்னா வூட்டோட போயிடும்மா” என்றாள் மோகனப்ரியா. “அவ்ளோ பெரிய ப்ரொஃபசர் திருடின்னு சொன்னாருன்னா ஊரு நம்பும். நைனாவும் நம்பிட்டா? அதான் சொல்லல.”

தாயம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. குணசேகரன் தலை நிமிரவில்லை. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று நம்பித்தான் வந்தார். ஆனால் தன் மாணவியிடமிருந்து பட்டத்தை மட்டும் பறிக்கவில்லை, அப்பாவையும் சேர்த்துப் பறித்திருக்கிறோம் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

மோகனப்ரியா முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். “இங்க சொன்னா போதுமா சார்?”

“போதாதும்மா” என்றார்.

தாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகம் மாறியிருந்தது. ஆனாலும் கையைக் கூப்பித்தான் பேசினாள். அந்தக் கும்பிடு அவருக்கு இல்லை, மாலைக்கு.

“சாமி, நீங்க மாலை போட்டுகீறீங்க. நானும் காப்பு கட்டிகீறேன். இப்ப ஒரு வார்த்தை தப்பாப் பேசக் கூடாது. பல்லக் கடிச்சிகினு நிக்கறேன். நாளைக்குக் காவடிய எறக்கிட்டு, மாலையக் கழட்டிட்டு வாங்க. அப்ப பேசறேன்.”

குணசேகரன் தலையாட்டினார். மாலையை அங்கேயே கழற்றி எறிந்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு போனால் தேவலை என்று தோன்றியது. அதற்குக்கூட அவருக்கு உரிமை இல்லை. ஆட்டோவில் ஏறினார். சத்தார் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார்.

மறுநாள் காலை சரவணப் பொய்கைப் பக்கம் ஜனம் அலைமோதியது. அரோகரா முழக்கம், பம்பைச் சத்தம், மலைப்படியெல்லாம் மஞ்சள். காவடியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, குணசேகரன் ஒரு ஓரமாக உட்கார்ந்து போனில் எழுதினார். கட்டுரை வந்த பத்திரிகைக்கும், நிறுவனத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே கடிதம். கட்டுரை தப்பு, அதைத் திரும்பப் பெறுகிறேன், என்ன தப்பு என்று மோகனப்ரியா அன்றைக்கே சொல்ல வந்தாள், நான் அவளைத் திருடி என்றேன், அவள் திருடவில்லை. சமாதானமாக இரண்டு வரி எழுதிப் பார்த்தார். அந்த இரண்டு வரியும் அசிங்கமாக இருந்தன. அழித்தார். அன்றைக்குச் சிரித்தவர்கள் ஒவ்வொருவர் பெயரும் ஞாபகம் இருந்தது. ஒருவரையும் விடாமல் அனுப்பும் பட்டியலில் சேர்த்தார். தன் ஆயுசு முழுக்கச் சேர்த்த பெயர் அதோடு போகும் என்று தெரிந்துதான் அனுப்பினார்.

“போலாமா, நேரமாவுது” என்றான் கிருஷ்ணன்.

காவடியைத் தோளில் வாங்கிக்கொண்டு மலையேறினார். சன்னதியில் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை. இறங்கி வந்து, மாலையைக் கழற்றி, காப்பை அவிழ்த்தார். தேவயானி இலை போட்டாள். அப்புறம் வருகிறேன் என்று வெறும் வயிற்றோடு கிளம்பினார்.

கண்டிகையில் தாயம்மாள் அவரை எதிர்பார்த்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். மோகனப்ரியா கதவோரம் இருந்தாள். அவள் கையில் போன் இருந்தது. கடிதம் அவளுக்கும் போயிருந்தது. இன்றைக்குச் செம்பு இல்லை, தண்ணீர் இல்லை, கும்பிடும் இல்லை.

“மாலையக் கழட்டிட்டேம்மா. பேசுங்க” என்றார் குணசேகரன்.

ராத்திரி முழுக்கத் தாயம்மாள் என்னென்னவோ யோசித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் கையைப் பிடித்து, இழுத்துக்கொண்டு போகிற மாதிரியே உள்ளே கூட்டிப்போனாள். கூடத்துச் சுவரில் மோகனப்ரியாவின் அப்பா கந்தனின் படம் மாட்டியிருந்தது. ரயில்வே சட்டை, நெற்றியில் விபூதி, படத்துக்குப் புது மாலை.

“என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? நேத்து சொன்னதை இவர்கிட்ட சொல்லுங்க.”

எத்தனையோ நாட்டு அரங்குகளில் மைக் பிடித்தவர். படத்தின் முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டார். “அய்யா... உங்க பொண்ணு எடுத்த கணக்குதான் சரிங்க. நான்தான்...” அதற்கு மேல் காற்றுதான் வந்தது.

கதவோரத்திலிருந்து மோகனப்ரியாவின் அழுகைச் சத்தம் கேட்டது. தாயம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தமா சொல்லுங்க சார்” என்றாள். “அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.”